எது எங்கள் கோப்பை

பிப்ரவரி 9, இரவு

அக்கா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் அறையில் தங்கியிருக்கும் தோழியிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள். இல்லை, கிழித்தால் ஒட்டிப் படிக்கலாம். எரித்துவிடுங்கள். போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை ஆராதனை முடிந்ததும் அப்பாவை அடித்துவிட்டார்கள். எங்கள் ஆலயத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வைத்துத்தான் அடித்தார்கள்.

சபைச் செயலாளரின் மகன் சட்டம் படிக்கிறான் அல்லவா, அவன் அதை எங்கிருந்தோ எடுத்து அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுந்து சத்தமாக வாசித்தான். நீங்கள் ஊர்ப் பெயர் போடவில்லை, ஆள் பெயரும் போடவில்லை. ஆனால் திருவிருந்தில் திராட்சை ரசம் குடிக்க இரண்டு வெள்ளிக் கோப்பைகள், ஒன்றில் மேட்டுத் தெருக்காரர்கள் குடிப்பார்கள், அவர்கள் எழுந்து போனதும் போதகர் அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்து ஆலைக் குடியிருப்புக்காரர்களுக்குக் கொடுப்பார், ஆலைக் கோப்பையின் அடியில் சிவப்புப் பொட்டு இருக்கும் என்றெல்லாம் எழுதிவிட்டு, பெயர் போடாமல் விட்டால் என்ன, போட்டால் என்ன?

அதற்குப் பிறகு வந்த வரியை அவன் இரண்டு தடவை வாசித்தான். கழுவுபவரின் கையில் அந்தப் பொட்டு அழிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது, எந்தக் கோப்பையில் யார் குடித்தார்கள் என்பது இன்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் இரண்டு சாராரும் தங்கள் கோப்பையில்தான் குடித்ததாக நம்புகிறார்கள் என்று.

 முன்வரிசையில் ஒரு அம்மா கைக்குட்டையை எடுத்து அதில் துப்பினார். செயலாளர் எழுந்து, "பாத்திரம் கழுவுறது யாரு?" என்று கேட்டார். தெரியாததுபோல் கேட்டார். மணி அடிப்பது, பெருக்குவது, கழுவுவது எல்லாம் அப்பாதான் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா பக்கத்து அறையிலிருந்து துடைப்பத்தோடு வந்து நின்றார்.

அப்பா ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். அதுவரை அவருக்கு எதுவும் தெரியாது. பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"நான்தான் மாத்தினேன்" என்றார்.

வலது கையைப் பிடித்து பெஞ்சின் மேல் வைத்தார்கள். செயலாளரின் மரக்கடையில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். செயலாளர் பித்தளை விளக்குத் தண்டால் அடித்தார். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். நான் அம்மாவின் தோளைக் கடித்துக்கொண்டேன். செயலாளருக்கு மூச்சு வாங்கியது. "இந்தக் கை இனிமே கோப்பையத் தொடக் கூடாது" என்றார். அதைப் பெரிதாகக் கத்திச் சொல்லவில்லை. மரக்கடையில் விலை சொல்வதுபோல் சொன்னார். அவர் மகன், நம் அப்பாவின் என்று நினைத்துவிடாதீர்கள், என் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தரையில் போட்டு மிதித்தான்.

உங்களுக்குத் தெரியும், மாற்றியது அப்பா இல்லை. கழுவுவதற்கு நான்தான் உதவி செய்வேன். அந்தச் சிவப்பை ஏதோ அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்த்துவிட்டேன். அப்புறம்தான் அது என்னவென்று தெரிந்தது. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருந்தன. அப்பா திட்டுவார் என்று பயந்து, கைக்கு வந்த ஒன்றின் அடியில் என் நகப்பூச்சை வைத்தேன். அதுவும் கழுவக் கழுவப் போய்விட்டது. மறுபடியும் ஏதோ ஒன்றில் வைத்தேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது. உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். சொல்லும்போது நாம் இருவரும் சிரித்தோம்.

பதில் கடிதத்தை எங்கள் பள்ளி நூலக மிஸ் பெயருக்குப் போடுங்கள். அவர் என்னிடம் கொடுத்துவிடுவார். நான் என்ன செய்ய வேண்டும் என்று சீக்கிரம் எழுதுங்கள்.

சிட்டு

பிப்ரவரி 15

என் அருமைச் சிட்டுவுக்கு,

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். அதற்கு முன் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

முதலில் அப்பாவின் கை. எலும்பு மருத்துவரிடம் காட்டினீர்களா? விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல். கட்டுப் போட்டு விட்டுவிட்டால் போதாது.

அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எழுதலாமா என்று உன்னிடம் கேட்டேன், நீ தலையாட்டினாய். உனக்கு என்ன தெரியும், நீ சின்னப் பெண், தலையாட்டத்தான் செய்வாய் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. மாதக்கணக்கில் உங்கள் ஆலய வளாகத்து விருந்தினர் அறையில் தங்கி எத்தனை பேரிடம் கேட்டேன், கோப்பை ஏன் மாறுகிறது என்று. எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், கூட்டம் அதிகம் என்று. மேட்டுத் தெருவிலும் அதே பதில், குடியிருப்பிலும் அதே பதில். ஒரே வேதம், ஒரே பாட்டு, ஒரே ஜெபம். எங்கே பிரிகிறார்கள் என்று தேடித் தேடிக் களைத்துப்போயிருந்த நேரத்தில் நீ வந்து நகப்பூச்சுக் கதையைச் சொன்னாய். ஒரு மனிதக் கூட்டம் தன் வித்தியாசத்தைக் கடவுளின் மேசையிலேயே கொண்டுபோய் வைக்கும், வித்தியாசம் அழிந்துபோனாலும் அது இருப்பதாகவே நம்பும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்திருக்காது. அந்த மகிழ்ச்சியில் உன் அப்பா என் கண்ணில் படவில்லை. கழுவுபவர் என்று எழுதினால் அது ஒரு மனிதரைச் சுட்டும் என்றே தோன்றவில்லை.

இப்போது செய்ய வேண்டியது. போதகரிடம் போ. அவர் நல்லவர், கொஞ்சம் பயந்தவர். நடந்ததை அப்படியே சொல். சின்னப் பிள்ளை தெரியாமல் செய்தது என்றால் யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். வேண்டுமென்று செய்ததாக நினைப்பதால்தான் இவ்வளவு வெறி.

இன்னொன்று. கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது. அன்று குடியிருப்புக்காரர்கள் யாராவது எழுந்தார்களா? அவர்கள் என்ன சொன்னார்கள்? முடிந்தால் எழுது.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 23, இரவு

அக்கா,

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். உங்களுக்கு உபயோகப்படும்.

அன்றைக்கு யாரும் எதிர்த்து எதுவும் கேட்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்கள். ஆனால் மறுநாள் சாயங்காலம் ஆலை ஃபிட்டர் மாமா ஆட்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவைப் படுக்கையிலிருந்து தூக்கித் தோளில் உட்கார வைத்துக் குடியிருப்பு முழுக்கச் சுற்றினார்கள். கட்டுப் போட்ட கை ஆடும்போதெல்லாம் அப்பா முனகினார். யாருக்கும் கேட்கவில்லை. "வருஷம் பூரா நம்ம கோப்பையில குடிச்சிருக்கானுங்கடா. நம்ம ஆளு குடுத்துருக்கான்டா. வாய மூடிக்கிட்டே குடுத்துருக்கான் பாரு" என்று ஃபிட்டர் மாமா எல்லா வாசலிலும் நின்று சொன்னார். பெண்கள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மேட்டுத் தெருவில் உப்பு விலை ஏறிவிட்டதாம், எல்லோரும் வாய் கொப்பளிக்கிறார்களாம் என்று ஒருத்தி சொன்னாள். அதற்கு நானும் சிரித்துவிட்டேன். பிறகு பயமாக இருந்தது.

இந்த நிலையில் நான் போய், அப்பா வேண்டுமென்று செய்யவில்லை, நான் நாரைப் போட்டுத் தேய்த்துவிட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? மேட்டுத் தெருக்காரர்கள் என் கையை ஒடிப்பார்கள். குடியிருப்புக்காரர்கள் என்னைத் தொடமாட்டார்கள், ஆனால் அப்பாவைத் தோளிலிருந்து கீழே போட்டுவிடுவார்கள். தெரியாமல் நடந்தது என்றால் அவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

இருந்தாலும் போதகரிடம் போனேன். நீங்கள் சொன்னீர்களே என்று போனேன். சொல்லி முடிப்பதற்குள் காதைப் பொத்திக்கொண்டார். "எனக்குத் தெரியாது. நீ எங்கிட்ட வரல. சரியா?" என்றார். நல்லவர்தான்.

மேட்டுத் தெருத் தையல்கார அக்காவுக்குப் பல வருட வயிற்றுவலி போன வருடம் திருவிருந்துக்குப் பிறகு நின்றுவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? உங்களிடம்கூட ஒரு மணி நேரம் சொன்னாரே. இப்போது அவர் வீடு வீடாகப் போய், தனக்கு எந்தக் கோப்பையில் சரியாயிற்று என்று கேட்கிறார். மறுபடியும் வலிக்கிறதாம்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். போதகர் இன்று திருவிருந்து கிடையாது என்று அறிவித்தார். ஃபிட்டர் மாமா எழுந்து, ஏன் கிடையாது, கோப்பை இருக்கிறது, ரசம் இருக்கிறது, வாய் இருக்கிறது, இன்று ஒரே கோப்பையில் எல்லோரும் குடிப்போம் என்றார். செயலாளரின் மகன், "ஒன் எச்சிய நக்கவா நாங்க இங்க வர்றோம்?" என்றான். அவ்வளவுதான்.

பெஞ்சுகளைத் தூக்கினார்கள். பாட்டுப் புத்தகங்கள் பறந்தன. ஒரு கிழவரின் காது கிழிந்து தொங்கியது, அவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அம்மா என்னை மேசைக்கடியில் தள்ளி என் மேல் படுத்துக்கொண்டார். மேசைத் துணியின் விளிம்பு வழியாக எனக்குக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. யார் மேட்டுத் தெரு, யார் குடியிருப்பு என்று கால்களில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நல்ல செருப்புதான் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

ஃபிட்டர் மாமா குனிந்து உடைந்த பெஞ்சுக் கட்டையை எடுத்ததைப் பார்த்தேன். செயலாளரின் மகன் விழுந்தான். விழுந்தவனின் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்ததா என்று தெரியவில்லை. மறுபடியும் கட்டை இறங்கியது. அவன் பல்லில் ஒன்று உருண்டு வந்து அம்மாவின் முழங்கையில் பட்டு நின்றது.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிர் இருக்கிறதாம். அப்பாவின் போனை மிதித்தவன்தான். இருந்தாலும் அவன் பிழைக்க வேண்டும் என்று ஜெபம் செய்தேன். பயத்தில் செய்த ஜெபம்தான் அது, நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். யாருக்கும் எழுத வேண்டாம். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

சிட்டு

மார்ச் 1

சிட்டு,

உன் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. அதற்குள் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

நீ போதகரிடம் போக மாட்டாய், போனாலும் அவர் எதுவும் செய்ய மாட்டார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அப்பா செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு கிடப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அதனால் செயலாளருக்கே நேராக எழுதினேன். கடிதம் வியாழக்கிழமையே போய்விட்டது. கோப்பை கழுவுபவர் நிரபராதி, அடையாளம் அழிந்தது ஒரு சிறுபிள்ளையின் கைத்தவறு, இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை, வன்மமும் இல்லை என்று எழுதினேன். உன் பெயரை எழுதவில்லை. சிறுபிள்ளை என்று மட்டும்தான் எழுதினேன்.

எழுதி அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டில் வேறு எந்தச் சிறுபிள்ளை இருக்கிறது?

ஒரு தடவை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை பார். உண்மையைச் சொன்னால் கோபம் தணியும் என்று நினைத்தேன். நான் படித்த படிப்பெல்லாம் நேர்மாறாகத்தான் சொல்கிறது. அடையாளம் பொய் என்று நிரூபித்தால் ஆட்கள் அதை விடமாட்டார்கள், இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள் என்று நானே வகுப்பெடுத்திருக்கிறேன். கரும்பலகையில் படம்கூடப் போட்டிருக்கிறேன்.

நான் கிளம்பி வருகிறேன். துறைத் தலைவர் போகக் கூடாது என்கிறார், பல்கலைக்கழகத்துக்குக் கெட்ட பெயர் என்கிறார். பஸ் கிடைத்தால் நாளை மறுநாள். அதுவரை நீயும் அம்மாவும் நூலக மிஸ் வீட்டில் இருங்கள். அப்பாவையும் எப்படியாவது கூட்டிக்கொண்டு போங்கள். தயவுசெய்து.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ வளர்ந்த பிறகு என்னைத் திட்டு. அதற்காகவாவது பத்திரமாக இரு.

அக்கா

மார்ச் 8, இரவு

அக்கா,

நீங்கள் வரவில்லை. ஆலைச் சாலையில் பஸ்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று மிஸ் சொன்னார். அதனால்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இனி வராதீர்கள்.

செயலாளரின் மகன் செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டான். அன்று இரவே குடியிருப்பில் முதல் வரிசை வீடுகளை எரித்தார்கள். ஃபிட்டர் மாமா ஓடிவிட்டார். அவர் மனைவியை வீதியில் இழுத்துப்போட்டு முடியை அறுத்தார்கள், முடியோடு தோலும் வந்ததாம். போலீஸ் வந்து வண்டியை ஆலயத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறது. வண்டிக்குள்ளேயே சாப்பிட்டு வண்டிக்குள்ளேயே தூங்குகிறார்கள்.

நாங்கள் மிஸ் வீட்டுக்குப் போகவில்லை. அப்பாவுக்குக் கையில் சீழ் பிடித்துக் காய்ச்சல். இரண்டு விரல் கறுத்துவிட்டது. தூக்க ஆள் இல்லை. தோளில் தூக்கினவர்கள் யாரும் இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை. நீங்கள் செயலாளருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. "கடைசியில பாத்தா சின்னப் புள்ள வெளையாட்டு. இதுக்காடா நம்ம வீடு எரிஞ்சுது?" என்று யாரோ எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இன்று சாயங்காலம் செயலாளர் வந்தார். தனியாக வந்தார். நான் அம்மாவின் பின்னால் போய் நின்றேன். அம்மா கையில் அரிவாள்மனை இருந்தது. அவர் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்த பையிலிருந்து இரண்டு கோப்பைகளையும் எடுத்து மேசையில் வைத்தார். முகச்சவரம் செய்யவில்லை. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டிருந்தார்.

"எது எங்களோடது?" என்று கேட்டார்.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்க மாட்டேன். கையெடுத்துக் கும்பிட்டு வேணா கேக்கறேன். எதுன்னு மட்டும் காட்டிடு."

தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது, இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்றேன்.

"ஒனக்குத் தெரியும். கழுவினவ நீ. ஒன் கைக்குத் தெரியும்." குரல் உயரவே இல்லை. "எம்பையன் எதுக்காகச் செத்தான்னு நான் தெரிஞ்சுக்கணும்ல? ஒண்ணுமே இல்லாததுக்கா செத்தான்? அப்படிச் சொல்லாத பாப்பா. அப்படி மட்டும் சொல்லாத."

பிறகு எழுந்தார். கோப்பைகளை எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாகப் பார்த்து வை, ராத்திரி வருகிறேன், தனியாக வரமாட்டேன், நீ காட்டுவதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது நாற்காலியைத் திரும்ப மேசையடியில் தள்ளிவிட்டுப் போனார்.

அப்பாவின் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சலிலும் அவர் சொல்வது ஒன்றுதான். ஏதாவது ஒன்றைக் காட்டிவிடு, நிச்சயமாகத் தெரிந்ததுபோல் காட்டு, அவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சரிதான். நான் ஒரு வருடம் அதைத்தான் செய்தேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் காட்டுகிற கோப்பையை அவர்கள் ஆலயத்துக்கு எடுத்துப் போவார்கள், மற்றதை வெட்டவெளியில் போட்டு நசுக்குவார்கள். அதை அம்மா விசாரித்துவிட்டு வந்தார், ஆட்கள் சுத்தியலோடு காத்திருக்கிறார்களாம். அது நசுங்கினால் குடியிருப்பில் மிச்சம் இருப்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை பேரோ. எல்லாம் என் விரல் திரும்புகிற பக்கத்தைப் பொறுத்து.

தெரியாது என்றால் எங்களை மட்டும்தான்.

கணக்குப் போட்டால் விடை சுலபமாக இருக்கிறது, அக்கா. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே. எங்களை அடிப்பது எனக்குப் பழகிவிட்டது, அதற்குக்கூட இப்போது அவ்வளவு பயமில்லை. பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தவரிடம், உங்கள் மகன் ஒன்றுமே இல்லாததற்குத்தான் செத்தான் என்று சொல்ல வேண்டியவள் நானா? பெரியவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள். போதகர் இருக்கிறார். நீங்கள் இருக்கிறீர்கள். யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்.

தெரியாது என்றுதான் சொல்லப்போகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா என் தலையை வாரிப் பின்னிவிட்டார், இறுக்கமாக, பள்ளிக்குப் போகும்போது பின்னுவதுபோல. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் நான் ஒன்றைக் காட்டுவேன் என்ற நம்பிக்கையில் இப்போதுதான் கண் மூடி

வந்துவிட்டார்கள். நிறையச் செருப்புச் சத்தம் கேட்கிறது. யாரும் கத்தவில்லை, மெதுவாகத்தான் தட்டுகிறார்கள். அப்பா விழித்துவிட்டார், "எடது பக்கம் இருக்கறதக் காட்டும்மா" என்கிறார். அம்மா எழுந்திருக்கப் போனார், நான் வேண்டாம் என்றேன், நானே போய்த்